பரணில் இருப்பதை முதலில் இறக்குங்கள்

குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"மாமனார் காலத்து ஓட்டு வீட்டை இடிக்காமல் புதுப்பிக்கிறோம். முற்றம், கூடம், ரேழி எல்லாம் அப்படியே இருக்கும். கூடத்தில் மாட்டப் பழங்காலக் கண்ணாடி தேடி காரைக்குடிக்குப் போனோம். ஒரு கடையில் ஆறடிக்கு மூன்றடி, தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடி பிடித்துவிட்டது. 'இருநூறு வருஷத்து பெல்ஜியம் கண்ணாடி' என்று 85,000 ரூபாய் சொல்கிறார். எங்கள் பரணிலும் ஒரு சின்னக் கண்ணாடி கிடக்கிறது. அதில் பாதி ரசம் போய்விட்டது. ஆசாரி புது ரசம் பூசி வாங்கித் தருகிறேன் என்கிறார். மாமியாரோ, ரசம் போன கண்ணாடி வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடு என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகள், நல்லதாக இன்னொன்று கிடைத்தால் தனக்கும் வேண்டும் என்கிறாள். எதை வாங்கலாம், எப்படிச் சோதிப்பது, எங்கே மாட்டுவது?"

அம்மா, வணக்கம். தஞ்சாவூரில் பழைய மரச்சாமான்களும் கண்ணாடிச் சட்டங்களும் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போட்டவர். அவரிடம் கற்றதும் பிறகு நானே கெடுத்துக் கற்றதுமாக முப்பது வருஷம் ஓடிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக் கண்ணாடிக்கு இன்னும் முன்பணம் கொடுக்காதீர்கள். பரணில் இருப்பதை முதலில் கீழே இறக்குங்கள். ஆசாரியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்ல அந்த 'ரசம்' என்ற வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை நாம் ரசம் என்கிறோம். அது பாதரசம். பழைய நாளில் கண்ணாடி செய்தவர்கள் சமதளமான கல்மேடையில் வெள்ளீயத் தாளை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, அதற்கு மேல் கண்ணாடித் தகட்டை மெல்ல வழுக்கிவிட்டு, பாரம் ஏற்றி வைப்பார்கள். மிச்சப் பாதரசம் வடிய நாள்கணக்கில், வாரக்கணக்கில் சாய்த்துக் காயவிடுவார்கள். வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வெனிஸ் நகரத்துப் பக்கத்தில் இருக்கும் முரானோ தீவு இதற்குப் பேர்போனது. இந்த வேலை செய்தவர்கள் பாதரச ஆவியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் ஈயச்சொம்பும் இதே வெள்ளீயம்தான். அடுக்களையில் ஈயத்தோடு ரசம் சேர்ந்தால் மணக்கும். கண்ணாடியில் சேர்ந்தால் முகம் தெரியும்.

1835-ல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் கண்ணாடியின்மேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது பட்டறைகளுக்குப் பரவ இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது பாதரசக் கண்ணாடி ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனாலும் நாம் வெள்ளி பூசியதையும் ரசம் என்றுதான் சொல்கிறோம். கண்ணாடி மாறியது, வார்த்தை மாறவில்லை.

இந்த ஒரு விவரம் கையில் இருந்தால் பாதிக் கடைக்காரர்களைச் சமாளிக்கலாம்.

இப்போது பரண் கண்ணாடியை இறக்குங்கள். இறக்கும்போது எப்படி நின்றிருந்ததோ அதே வாக்கில் நிமிர்த்தியே பிடியுங்கள். தலைகீழாகத் திருப்ப வேண்டாம், படுக்கவைக்கவும் வேண்டாம். முற்றத்து வெளிச்சத்தில் நிமிர்த்தி வைத்து, பின்பலகையில் இடுக்கு இருந்தால் அதன் வழியாகப் பாருங்கள். ரசத்தின் மேல் பெயிண்டே இல்லாமல், சாம்பல் நிறத்தில், பொடிச் சர்க்கரை தூவினமாதிரி மினுமினுத்தால் அது பாதரசக் கண்ணாடி. செம்மண் நிறத்திலோ பழுப்பாகவோ கறுப்பாகவோ பெயிண்ட் பூசியிருந்தால் வெள்ளிக் கண்ணாடி. முன்பக்கத்திலும் ஒரு அடையாளம் உண்டு. ஒரு வெள்ளைத் தாளை முன்னால் பிடியுங்கள். பாதரசக் கண்ணாடியில் அந்த வெள்ளை கொஞ்சம் நீலச்சாம்பலாக, மழைக்கு முந்தைய வானம்போல மங்கலாகத் தெரியும். வெள்ளிக் கண்ணாடியில் லேசான மஞ்சள் கலந்து பளிச்சென்று தெரியும்.

பாதரசமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, கவனமாக இருந்தால் போதும். நூறு வருஷம் நின்ற கண்ணாடியில் பாதரசம் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறங்கும். சட்டத்தின் கீழ்க்கட்டையில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளி மணிகளாகத் தேங்கியிருக்கலாம். கையால் தொடாதீர்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள். வாக்குவம் கிளீனரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், அது ஆவியாக்கி வீடு முழுக்கப் பரப்பிவிடும். ரசத்தைச் சுரண்டுவதும் சூடு காட்டுவதும் கூடாது. காற்றோட்டமான கூடத்தில், பின்பலகை மூடி, நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியால் தொந்தரவு இல்லை. குழந்தைகள் படுக்கும் சின்ன அறையில் மட்டும் வேண்டாம்.

ஆசாரி சொல்கிற புது ரசத்துக்கு வருகிறேன். பழைய ரசத்தை அமிலம் ஊற்றி வழித்தெடுத்துவிட்டுத்தான் புதிது பூச வேண்டும். பாதரசமாக இருந்தால் வழிக்கிற ஆளுக்கே ஆபத்து. வெள்ளியாக இருந்தாலும் பழைய தகடு தேய்க்கும்போது கீறும், பல நேரம் உடையும். தப்பிப் பிழைத்து வந்தாலும் என்ன கிடைக்கும்? தொழிலுக்கு வந்த புதிதில் திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டு ரோஸ்வுட் அலங்கார மேஜைக் கண்ணாடிக்கு இதைத்தான் செய்தேன். கறுப்புப் புள்ளிகள் எல்லாம் போய், சலூன் கண்ணாடி மாதிரி பளபளவென்று கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வீட்டுப் பாட்டி கிட்டே வந்து பார்த்தார். "பழசு உடைஞ்சுபோச்சாப்பா?" என்று கேட்டார். கூலி வாங்கிக்கொண்டுதான் வந்தேன், ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பழைய தகட்டிலும் ரசத்தை வழித்ததில்லை.

ஓரத்தில் கறுத்து, நடுவில் மட்டும் தெளிவாக இருக்கும் கண்ணாடியில் வெளிச்சம் ஒரு விதமாகக் குழைந்து விழும். புதுக் கண்ணாடியில் அது வராது. முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் தேவை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சட்டத்தின் பள்ளத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லிய புதுக் கண்ணாடியை முன்னால் வைத்து, பழைய தகட்டைப் பின்னாலேயே பத்திரமாக விட்டுவிடலாம். உங்கள் பேத்தி என்றைக்காவது பழையது வேண்டும் என்றால் நாலு ஆணியைக் கழற்றினால் போதும்.

சரி, காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நானும் வருஷத்துக்கு நாலைந்து தடவை சுற்றுகிறவன்தான். நல்ல சாமான் அங்கே உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கோடும் இத்தாலியச் சலவைக்கல்லோடும் பெல்ஜியம் கண்ணாடி வந்திறங்கியதும் நிஜம். ஆனால் இன்றைக்கு 'பெல்ஜியம்' என்பது ஒரு நாட்டின் பெயராகச் சொல்லப்படுவதில்லை. ஓரம் சரித்து வெட்டிய கனமான கண்ணாடி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அதுதான் பெயர். எங்கே செய்தது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் முடியாது. எப்போது செய்தது என்பதை ஓரளவு சொல்லலாம்.

இருநூறு வருஷம் என்றால் 1820-களில் செய்திருக்க வேண்டும். அப்போது வெள்ளி ரசமே கிடையாது. ஆகவே அடுத்த தடவை போகும்போது பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் பெயிண்ட் பூசிய வெள்ளி ரசம் இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சண்டை போட வேண்டாம், விலையை மட்டும் பேசுங்கள். கழற்ற மாட்டேன் என்று சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.

நகத்தை வைத்துப் பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். விரல் நகத்தைக் கண்ணாடியில் ஊன்றினால் நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். அது தகட்டின் கனத்தைத்தான் சொல்கிறது, வயசைச் சொல்லாது. கனம் கூடினால் இடைவெளி கூடும். (கேரளத்து ஆறன்முளா கண்ணாடியில் இடைவெளியே இருக்காது. அது கண்ணாடியே இல்லை, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தின் மேற்பரப்பையே தேய்த்து மெருகேற்றியது.) அதைவிட நல்ல சோதனை, கண்ணாடியில் எதிர் ஜன்னலின் கம்பிகள் விழும்படி நின்றுகொண்டு தலையை மெல்ல இடமும் வலமும் அசைப்பது. கம்பி நெளிந்து நெளிந்து போனால் பழைய தகடு. துளிகூட நெளியாமல் நூல் பிடித்த மாதிரி நின்றால் சந்தேகப்படலாம். இன்றைய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்வது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்த முறை. மிதந்து உறைவதால் தளம் தண்ணீர் மாதிரி சமமாக இருக்கும். ஆனால் அதற்கு முன்பும் வார்த்து, அரைத்து, மெருகேற்றிய உயர்ந்த தகடுகள் நேராகவே இருந்தன. அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துக் கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

ஓரச் சரிவை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கையால் தேய்த்த சரிவு அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். சரிவு தொடங்கும் இடம் விரலுக்கே சரியாகப் பிடிபடாது. இயந்திரச் சரிவில் அந்த வரம்பு கூராகத் தட்டுப்படும், நாலு பக்கமும் ஒரே அளவாக இருக்கும்.

புள்ளிகளையும் பாருங்கள். இப்போது பின்னால் அமிலம் தெளித்து வேண்டுமென்றே பழசாக்குகிறார்கள். 'ஆன்டிக் கண்ணாடி' என்று அலங்காரத்துக்காக அப்படி நேர்மையாகவே விற்பவர்களும் உண்டு, அதில் தப்பில்லை. இயற்கையாகப் போன வெள்ளி ரசம் பெரும்பாலும் ஓரத்திலிருந்து, அதிலும் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கும். வருஷக்கணக்காகத் துடைத்த ஈரம் வழிந்து தங்குகிற இடம் அதுதான். கீறல் விழுந்த இடத்தில் ஒரு கோடாகக் கறுக்கும். போலியில் புள்ளிகள் கோலப்பொடி தூவினமாதிரி எங்கும் ஒரே சீராக, ஓரத்தைவிட நடுவில் அழகாக விழுந்திருக்கும்.

அப்புறம் சட்டம். ஆறடிக்கு மூன்றடி என்ற அளவைப் படித்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். அது பழைய அலமாரியின் கதவாக இருக்கலாம். ஒரு பக்கக் கட்டையில் கீல் பதித்த பள்ளத்தை மரம் வைத்து அடைத்திருக்கிறார்களா, எதிர்ப்பக்கத்தில் சாவித்துளையின் தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படியிருந்தால் மோசம் என்று அர்த்தமில்லை. நல்ல தேக்கு அலமாரிக் கதவு அழகான நிலைக்கண்ணாடி ஆகும், எங்கள் வீட்டிலேயே ஒன்று நிற்கிறது. கதவுக்குக் கதவு விலை கொடுங்கள், அவ்வளவுதான். திருகாணிகளையும் பாருங்கள். தலையில் பிளஸ் குறி இருந்தால் அது 1930-களுக்குப் பிறகு வந்த சாமான். பழுதுபார்க்கும்போது ஒன்றிரண்டு மாற்றியிருக்கலாம், எல்லாமே பிளஸ் என்றால் கதை வேறு. பின்பலகை பிளைவுட்டா, பலகைத் துண்டுகளா? சட்டத்தின் உட்பள்ளத்தில் பழைய தகடு உட்கார்ந்திருந்த கோடு இப்போதைய தகட்டோடு பொருந்துகிறதா? சட்டம் பழசு, கண்ணாடி புதுசு என்பது மிகச் சாதாரணமாக நடப்பது. தங்க நிறச் சட்டமாக இருந்தால், தங்க ரேக்கு அப்படியே இருக்கும். வெண்கலப் பொடி கலந்த பெயிண்ட் நாளாக ஆகப் பச்சையும் பழுப்புமாகக் கறுத்துப்போகும்.

விலைக்கு என் கணக்கு எளிமையானது. இதே அளவுக்கு, இதே கனத்தில், பழந்தேக்கில் ஒரு சட்டம் கடைந்து, நல்ல ஓரச் சரிவுக் கண்ணாடி போட்டுத் தர உங்கள் ஆசாரி எவ்வளவு கேட்பார் என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வயசுக்குக் கொடுப்பது. வயசு கண்ணால் தெரிந்தால் கொடுங்கள், காதால் கேட்டதற்குக் கொடுக்காதீர்கள். காரைக்கால் பக்கம் வாங்கினால் 'பிரெஞ்சுக்காரன் வீட்டுக் கண்ணாடி' என்பார்கள், தரங்கம்பாடியில் 'டேனிஷ்' என்பார்கள், நாகப்பட்டினத்தில் 'டச்சு' என்பார்கள். மூன்று ஊரிலும் அவர்கள் இருந்தது உண்மை. டச்சுக்காரர்கள் நாகையை விட்டுப்போனது 1781-ல். டேனிஷ்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியை விற்றுவிட்டார்கள். அத்தனை காலம் கடற்கரை உப்புக்காற்றில் ஒரு ரசக் கண்ணாடி மாசு மறுவில்லாமல் நின்றது என்று யாராவது சொன்னால், பழைய ரசீதோ வீட்டுப் பத்திரமோ படமோ காட்டச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஒரு செய்தி. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள்களையும் கைவினைப்பொருள்களையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூறுக்கு உட்பட்டது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கி அனுப்பலாம். தொல்பொருள் விற்கிற கடைக்கு உரிமமும் வேண்டும். ஆகவே கடைக்காரரிடம், "இருநூறு வருஷம்னு பில்லுல எழுதி, உங்க லைசென்ஸ் நம்பரையும் போட்டுக் கொடுங்க" என்று சிரித்த முகமாகக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக்குச் சட்டென்று வயசு குறையும்.

மகளுக்கு வேண்டியது கைக்கடக்கமாக, அழகாக ஒன்று என்றால் நூறு வருஷம் தேட வேண்டாம் என்பேன். 1930 முதல் 60 வரைக்குமான சாமான்களில் எனக்குத் தனிப் பிரியம். மூடப்படும் பழைய சலூன்களிலும் காபி கிளப்புகளிலும் ஓரத்தில் பூவேலை வெட்டிய கண்ணாடிகள் இருந்தன. சக்கரத்தில் வைத்து வெட்டிய அந்தக் கோடுகளில் வெயில் பட்டால் சுவரில் சின்னச் சின்ன வானவில் விழும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பழைய இரும்புக் கடைகளிலேயே இவை கிடைத்த காலம் ஒன்று இருந்தது, இப்போது அவர்களும் விவரமாகிவிட்டார்கள். மயிலும் ரோஜாவும் வரைந்து, 'அன்பளிப்பு' என்று எழுதி, மாமன்மார் பெயரோடு கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடிகள் ஞாபகம் இருக்கிறதா? அதை இன்னும் யாரும் மதிப்பதில்லை. ஒரு டெல்டா வீட்டுக் கூடத்துக்கு பெல்ஜியத்தைவிட அதுதான் பொருத்தம் என்று நான் சொன்னால் என் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள்.

மாட்டுவதில்தான் நம் பக்கத்து வீடுகளில் அதிகம் தப்பு நடக்கிறது. வாங்குவதில் செலுத்தும் அக்கறையில் கால்பங்குகூட இதில் இருப்பதில்லை.

முதலில் எடை. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரைக் கிலோ. ஆறடிக்கு மூன்றடி என்பது ஏறக்குறைய 1.67 சதுர மீட்டர். ஆறு மில்லி தகடு என்றால் கண்ணாடி மட்டுமே 25 கிலோ. தேக்குச் சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் நாற்பதை நெருங்கும். உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல். அதில் டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, ஒற்றைக் கொக்கியில் இந்தப் பாரத்தை ஏற்றினால் அன்றைக்கு நிற்கும். ஒரு ஐப்பசி அடைமழையில் காரை நெகிழ்ந்ததும் பிடுங்கிக்கொண்டு வரும். நீளமான தேக்கு ரீப்பர் ஒன்றைச் சுவரில் குறுக்காக வைத்து, ஐந்தாறு இடத்தில் ஆழமாகத் திருகி, பாரத்தைப் பரப்பிவிடுங்கள். கண்ணாடியின் கீழ்க்கட்டை உட்கார அடியில் இன்னொரு தாங்குகட்டை. மேலே இரண்டு பக்கமும் இரண்டு கொக்கி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மட்டும் போடுங்கள். பழைய நூல்கயிறு பார்க்க அழகாக இருக்கும், உள்ளே மக்கியிருக்கும். இத்தனை பெரிய கண்ணாடியை மாட்டாமல் தரையில் கனமான மரப்பீடத்தின்மேல் நிறுத்தி, தலைப்பக்கத்தை மட்டும் சுவரோடு கட்டிவைப்பதுதான் என் விருப்பம்.

அடுத்தது ஓதம். டெல்டாவில் நிலத்தடி நீர் சுவரில் ஏறும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரைக்கும் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும். சுண்ணாம்பு அடித்த புதிதில் தெரியாது. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள், ஈரக் குளிர்ச்சி தெரிந்தால் அந்தச் சுவர் வேண்டாம். எந்தச் சுவரானாலும் கண்ணாடியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டக் கூடாது. நாலு மூலையிலும் கார்க் துண்டுகளை ஒட்டி, ஒரு விரற்கடைக் காற்று போகும்படி விடுங்கள். தகட்டைச் சட்டத்தோடு ஒட்ட, காடி வாசனை அடிக்கும் சாதாரண சிலிக்கான் பசையை ஆசாரி எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்த வாசனையே அமிலம்தான், வெள்ளி ரசத்தை அரித்துவிடும். அமிலமில்லாத வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பின்னால் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தால் ஒரு படம் எடுத்துவிட்டு அகற்றிவிடுங்கள், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஆனால் தேதி இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே என்று கேட்டீர்கள். முற்றத்துக்கு நேரெதிராக வேண்டாம். சாரல் அடிக்கும், பகல் முழுக்கக் கண் கூசும். இன்னொன்றும் உண்டு, அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். முற்றம் வழியாக வரும் தவிட்டுக்குருவியும் சிட்டுக்குருவியும் கண்ணாடியில் இருப்பது எதிரி என்று நினைத்து நாள் முழுக்கக் கொத்திச் சண்டை போடும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, எச்சத்தைத் துடைத்தே நீங்கள் களைத்துப்போவீர்கள். முற்றத்துக்குப் பக்கச்சுவர்தான் சரி. வெளிச்சம் சாய்வாக விழுந்து இருட்டான ரேழிப் பக்கம் போகும்படி வையுங்கள். பரண் கண்ணாடி சின்னது என்கிறீர்கள். அதற்கு ரேழியே நல்ல இடம், மங்கிய ரசத்துக்கு மங்கிய வெளிச்சம் பொருந்தும். கூடத்தில் ஊஞ்சல் இருந்தால், அது ஆடும் நீளத்துக்கு மேல் இன்னும் மூன்றடி விட்டுத்தான் எதுவும் மாட்டலாம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள் அல்லவா. அடுக்களை, குளியலறை, விளக்குப் புகை படியும் சாமி அறை மூன்றும் பழைய கண்ணாடிக்கு ஆகாது.

மாட்டும்போது பழைய வீடுகளில் செய்ததுபோல் மேல்பக்கம் நாலு விரல் முன்னால் சாயட்டும். நேராக மாட்டினால் எதிரே உத்தரமும் ஓடும்தான் தெரியும். சாய்த்தால் பாயில் உட்கார்ந்திருப்பவரும் தெரிவார், முற்றத்து ஓரத்துத் துளசிமாடமும் தெரியும். மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்தச் சொல்லி, எதிரில் என்ன விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். மின்மீட்டர் பெட்டி தெரிகிற இடத்தில் எண்பதாயிரம் ரூபாய்க் கண்ணாடியை மாட்டினவர்களை எனக்குத் தெரியும்.

துடைப்பதற்கு உலர்ந்த பழைய வேட்டித்துணி போதும். அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் துணியை லேசாக நனைத்துப் பிழிந்துவிட்டு, நடுவில் மட்டும் துடையுங்கள். கண்ணாடிமேல் நேராக எதையும் தெளிக்கக் கூடாது. கடைகளில் விற்கும் நீலத் திரவங்களில் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, ஓரத்தில் இறங்கினால் ரசத்தைத் தின்னும். நம் வீடுகளில் விபூதி போட்டுத் துடைக்கிற பழக்கம் புதுக் கண்ணாடிக்குப் பரவாயில்லை, தங்க ரேக்குச் சட்டத்தின் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சட்டத்துக்கு மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு சரி. தண்ணீர் பட்டால் ரேக்கு கையோடு வந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து கொண்டுவருவதாக முடிவானால் குட்டியானை வண்டியில் நிமிர்த்தி, இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். படுக்கவைத்த கண்ணாடி ஒரு வேகத்தடையைக்கூடத் தாங்காது.

மாமியார் சொன்னதைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். உடைந்த கண்ணாடி வீட்டில் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, விரல் போய்விடும். ரசம் போனதைப் பற்றி நான் சாஸ்திரம் பேசப்போவதில்லை. ஆனால் அவரிடம் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கண்ணாடி முன்பு எந்தச் சுவரில் மாட்டியிருந்தது, யார் அதில் பொட்டு வைத்துக்கொள்வார்கள் என்று. பரணுக்கு அது எப்போது போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய ஆணியின் தடம் இன்னும் சுண்ணாம்புக்கு அடியில் இருந்தால் அந்த இடத்தில்தான் சுவர் உலர்வாக இருக்கும் என்று நம்பலாம். நம் பெரியவர்கள் ஓதச் சுவரில் கண்ணாடி மாட்டியதில்லை. அவர் சம்மதித்தால் அங்கேயே மாட்டுங்கள். சம்மதிக்காவிட்டால் பழைய துணியில் சுற்றி, நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். தூக்கி மட்டும் போட வேண்டாம்.

பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் இரண்டு படம், கீழ்க்கட்டையைக் கிட்டத்தில் ஒன்று, சட்டத்தின் உட்பள்ளம் எத்தனை மில்லி ஆழம் என்ற அளவு, இவ்வளவும் அனுப்புங்கள். புதுத் தகடு முன்னால் உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.